கண் பார்த்தால் கை செய்யுமா? பார்த்துக் கற்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூன்று வயதுச் சிறுமி ஒருத்தியை எனக்குத் தெரியும். உட்காரும்போதெல்லாம் முழங்காலில் கையை ஊன்றி, மெல்லக் குனிந்து, "அப்பாடா" என்று ஒரு பெருமூச்சையும் விட்ட பிறகுதான் உட்காருவாள். அவளுக்கு முழங்கால் வலி கிடையாது. வலி பாட்டிக்கு. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தான் அப்படித்தான் உட்காருகிறோம் என்பதே பாட்டிக்குப் பேத்தியைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

பிறரைப் பார்த்து நாம் நடத்தையைக் கற்பது பற்றிப் பெற்றோரும் ஆசிரியர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சிலவற்றுக்கு இரண்டு வரி போதும். சிலவற்றுக்குச் சற்று உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது.

பார்த்துக் கற்பது என்றால் காப்பியடிப்பதுதானே?

காப்பியடிப்பது அதில் வெளியே தெரிகிற பகுதி மட்டும். பார்த்த கையோடு செய்துகாட்டினால் எல்லோர் கண்ணிலும் படும். ஆனால் பார்த்தது பல நாள் உள்ளே கிடந்து, தேவை வரும்போது தலைகாட்டலாம், வேறு இடத்தில் வேறு வடிவத்தில் வரலாம், வராமலேயே போகலாம். அக்கா அடுப்பைத் தொட்டுக் கையைச் சுட்டுக்கொண்டதைப் பார்த்த தம்பி, அடுப்புப் பக்கமே போவதில்லை. அக்கா செய்த எதையும் அவன் செய்யவில்லை. ஆனாலும் அவன் கற்றுவிட்டான்.

கற்றது வேறு, காட்டுவது வேறு. கீழே எந்தக் கேள்விக்குப் போனாலும் இந்த இடத்துக்குத் திரும்பி வர வேண்டியிருக்கும்.

இதை முதலில் கண்டுபிடித்தவர் யார்?

கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? பிள்ளை வளர்த்த எல்லோருக்கும் தெரிந்ததுதான். எழுதிவைத்தவர்கள் என்று பார்த்தால், பிரெஞ்சுச் சமூகவியலாளர் கேப்ரியல் டார்டு 1890-இல் பாவனையின், அதாவது பிறர் செய்வதைப் பார்த்துச் செய்வதன், விதிகள் பற்றி ஒரு நூலே எழுதினார். 1941-இல் அமெரிக்க உளவியலாளர்கள் நீல் மில்லரும் ஜான் டாலர்டும், பாவனை செய்ததற்குப் பலன் கிடைக்கும்போது பாவனையே பழக்கமாகிறது என்று விளக்கினார்கள். எலிக்குத் தீனி, மனிதனுக்குப் பாராட்டு என்று எல்லாவற்றையும் பரிசுக் கணக்கில் பார்த்த அந்தக் காலத்து உளவியலுக்கு இந்த விளக்கம் வசதியாக இருந்தது.

அந்த வசதியைக் கெடுத்தவர் ஆல்பர்ட் பண்டூரா. கனடாவில் 1925-இல் பிறந்து, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பணியாற்றி, 2021-இல் மறைந்தவர். தான் செய்து பார்க்காமல், தனக்கு எந்தப் பரிசும் கிடைக்காமல், சும்மா பார்த்தே ஒருவர் கற்க முடியும் என்று அவர் சோதனை வைத்துக் காட்டினார்.

எல்லோரும் சொல்லும் அந்தப் பொம்மைச் சோதனையில் உண்மையில் என்ன நடந்தது?

1961-இல் வெளிவந்த ஆய்வு அது. பண்டூராவுடன் டொரோதியா ராஸ், ஷீலா ராஸ் ஆகிய இருவரும் செய்தார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியிலிருந்து 36 சிறுவர்கள், 36 சிறுமிகள். வயது ஏறக்குறைய மூன்றிலிருந்து ஆறுக்குள்.

ஒரு குழந்தையை அறைக்கு அழைத்துவந்து ஒரு மூலையில் படம் ஒட்டும் வேலையைக் கொடுத்து உட்காரவைப்பார்கள். எதிர் மூலையில் ஒரு பெரியவர். அவர் பக்கத்தில் காற்றடைத்த ஐந்தடிப் பொம்மை. அடியில் கனம் இருப்பதால் தள்ளினால் சாய்ந்து மறுபடி நிமிரும் வகை. அதன் பெயர்தான் போபோ. 24 குழந்தைகள் பார்த்த பெரியவர், பொம்மையைக் கீழே சாய்த்து, மேலே ஏறி உட்கார்ந்து மூக்கில் குத்தினார், மரச்சுத்தியலால் தலையில் அடித்தார், தூக்கி எறிந்தார், உதைத்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு கூச்சலும் உண்டு. இன்னும் 24 பேர் பார்த்த பெரியவர் பொம்மையைச் சீண்டவே இல்லை; வேறு விளையாட்டுச் சாமான்களை ஒன்றோடொன்று பொருத்திக்கொண்டிருந்தார். மீதி 24 பேருக்கு யாரையும் காட்டவில்லை.

பிறகு குழந்தையை வேறோர் அறைக்குக் கூட்டிப்போய், நல்ல நல்ல பொம்மைகளை எடுத்து விளையாடத் தொடங்கியதும், "இதெல்லாம் வேறு குழந்தைகளுக்கு" என்று நிறுத்திவிட்டார்கள். வேண்டுமென்றே கொஞ்சம் எரிச்சலூட்டுவதற்காக. மூன்றாவது அறையில் சிறிய போபோ ஒன்றும் சுத்தியலும் மற்ற சாமான்களும் இருந்தன. குழந்தை என்ன செய்கிறது என்று 20 நிமிடம் மறைவிலிருந்து குறித்தார்கள்.

அடித்ததைப் பார்த்த குழந்தைகள் அடித்தார்கள் என்பதில் பெரிய ஆச்சரியம் இல்லை. அடித்த முறைதான் ஆச்சரியம். அதே போல ஏறி உட்கார்ந்து மூக்கில் குத்துவது, அதே சுத்தியல், அதே கூச்சல். மற்ற இரு பிரிவுகளிலும் இந்தச் செயல்கள் மிக அரிதாகவே இருந்தன. இரண்டு ஆண்டு கழித்து இதையே திரைப்படமாகக் காட்டினார்கள், பூனை வேடமிட்டுக் கேலிப்படம் போலவும் காட்டினார்கள். திரையில் பார்த்த குழந்தைகளும் பின்தங்கவில்லை.

தப்பு செய்தவர் தண்டனை பெறுவதைக் காட்டிவிட்டால் குழந்தை அந்தத் தப்பைக் கற்காதுதானே?

இந்தக் கேள்விக்கு வந்த பதிலைத்தான் பண்டூராவின் ஆய்வுகளிலேயே முக்கியமானதாக நான் நினைக்கிறேன். பொம்மையை அடித்த படத்தைத்தான் எல்லோரும் பகிர்கிறார்கள்; 1965-இல் வந்த இந்த ஆய்வை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை.

66 குழந்தைகள். எல்லோருக்கும் பெரியவர் ஒருவர் போபோவை அடிக்கும் படம். படத்தின் முடிவு மட்டும் மூன்று விதம். ஒன்றில், இன்னொருவர் வந்து அடித்தவரைப் பாராட்டி இனிப்பும் பானமும் கொடுக்கிறார். இரண்டாவதில், வந்தவர் விரலை ஆட்டித் திட்டுகிறார், சுருட்டிய பத்திரிகையால் நாலு போடுகிறார். மூன்றாவதில் எதுவும் நடப்பதில்லை. பிறகு குழந்தையைப் பொம்மையுடன் விட்டார்கள். தண்டனையைப் பார்த்தவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே அந்தச் செயல்களைச் செய்தார்கள்.

இதோடு நிறுத்தியிருந்தால், "பார்த்தீர்களா, தண்டனை வேலை செய்கிறது" என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். பண்டூரா நிறுத்தவில்லை. ஆய்வாளர் உள்ளே வந்து, "படத்தில் அவர் என்னென்ன செய்தார் என்று செய்துகாட்டு; ஒவ்வொன்றுக்கும் பழச்சாறும் ஒட்டுப்படமும் தருகிறேன்" என்றார். மூன்று பிரிவுக் குழந்தைகளும் கிட்டத்தட்ட ஒரே அளவில் செய்துகாட்டினார்கள். ஒரே அளவில்தான் கற்றிருந்தார்கள். தண்டனையைக் கண்டவர்கள் கற்றதை வெளியே விடாமல் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

ஒரு பிள்ளையை வகுப்பின் முன் நிறுத்தித் திட்டும் ஆசிரியர், மற்ற முப்பது பேருக்கும் அந்தக் குறும்பை எப்படிச் செய்வது என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்கிறார். ஆசிரியர் வெளியே போகும்வரை அது தெரியாது. ஆசிரியரின் கத்தலையும் அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது தனிக் கணக்கு.

அந்தப் பொம்மைச் சோதனை மேல் விமர்சனமே இல்லையா?

நிறைய உண்டு, நியாயமானவையும் உண்டு. போபோ அடிப்பதற்கென்றே செய்த பொம்மை. அதை அடிப்பதும் மனிதரை அடிப்பதும் ஒன்றல்ல. சுத்தியலையும் பொம்மையையும் ஒன்றாக வைத்துவிட்டுப் போனால், "இங்கே இதைத்தான் செய்யச் சொல்கிறார்கள் போலிருக்கிறது" என்று குழந்தை ஊகித்திருக்கலாம். பார்த்த சில நிமிடங்களில் சோதித்ததை வைத்து வாழ்நாள் குணத்தைப் பேச முடியாது. குழந்தையை வேண்டுமென்றே எரிச்சலூட்டிய முறை இன்று கடுமையான கேள்விகளைச் சந்திக்கும்.

வன்முறைப் படம் பார்த்தவர்கள் எல்லோரும் வன்முறையாளர் ஆவார்கள் என்பதற்கு இந்தச் சோதனையைச் சான்றாகக் காட்டுகிறவர்கள், சோதனை சொன்னதைவிட அதிகமாகச் சொல்கிறார்கள். ஒரு செயலின் செய்முறை பார்வை வழியாகவே உள்ளே போய்விடுகிறது என்பதுவரை அதற்கு வலு உண்டு.

பார்த்ததெல்லாம் ஏன் நமக்கு வந்துவிடுவதில்லை?

பண்டூரா நான்கு படிகளைச் சொன்னார்: கவனம், நினைவில் நிறுத்துதல், உடலால் செய்தல், செய்யத் தோன்றும் ஊக்கம். நான்கில் எது அறுந்தாலும் நடத்தை வெளியே வராது. பாடப்புத்தகம் இத்தோடு அடுத்த தலைப்புக்குப் போய்விடும். எனக்குச் சொல்ல ஒரு சொந்தக் கதை இருக்கிறது.

எனக்கு ஷூ லேஸ் கட்டச் சொல்லிக்கொடுத்தவர் எதிரே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். அவருடைய வலது கை எனக்கு இடப்பக்கம். அவர் வளையத்தைச் சுற்றிய திசையை நான் கண்ணாடியில் பார்ப்பதுபோல் எடுத்துக்கொண்டேன். இன்றுவரை என் முடிச்சு பிறர் முடிச்சுக்கு எதிர்த்திசையில்தான் விழுகிறது. கவனம் இருந்தது, நினைவும் இருந்தது, ஆசையும் இருந்தது. உட்கார்ந்த இடம் தப்பு. கையால் செய்யும் எதையும் சொல்லிக்கொடுக்கிறவர் எதிரே உட்காராமல் பக்கத்தில், அதே திசை பார்த்து உட்கார்ந்தால் பாதி வேலை குறையும்.

கண்ணுக்கே தெரியாத பகுதிகள் இன்னொரு சிக்கல். கார் ஓட்டுபவர் ஸ்டீயரிங்கைத் திருப்புவது பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியும். திருப்புவதற்கு முன் அவர் கண் எந்தக் கண்ணாடிக்குப் போனது, எதைப் பார்த்து வேகத்தைக் குறைத்தார் என்பது தெரியாது. சதுரங்கத்தில் நகர்த்தும் கையை எத்தனை மணி நேரம் பார்த்தாலும் ஆட்டம் வராது. அதனால்தான் நல்ல பயிற்சியாளர்கள் வேலை செய்துகொண்டே வாய்விட்டு நினைக்கிறார்கள்: "இது சரியாக உட்காரவில்லை, முதலில் இந்தப் பக்கத்தைத் தளர்த்திப் பார்க்கிறேன்." எண்ணத்தைக் காதுக்குக் கொண்டுவந்தால்தான் அதையும் பார்த்துக் கற்க முடியும்.

வீடியோ பார்த்தே எல்லாவற்றையும் கற்றுக்கொள்ளலாமே?

செய்முறையைக் கற்கலாம். கை பழகாது. மைக்கேல் கார்டஸ், எட் ஓபிரையன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2018-இல் இதை அழகாகக் காட்டினார்கள். மேசையில் இருக்கும் தட்டுகள் விழாமல் விரிப்பை மட்டும் உருவி எடுக்கும் வித்தை உண்டல்லவா? அதன் வீடியோவைச் சிலருக்கு ஒரு தடவையும் சிலருக்கு 20 தடவையும் காட்டினார்கள். 20 தடவை பார்த்தவர்களுக்கு, "என்னாலும் முடியும்" என்ற நம்பிக்கை கூடியது. அம்பெறிதல், பல பொருட்களை மாறி மாறித் தூக்கிப் போட்டுப் பிடித்தல் போன்றவற்றையும் சோதித்தார்கள். நம்பிக்கை ஏறியது, திறமை அங்கேயேதான் இருந்தது. தூக்கிப் போடும் பொருட்களைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்க்கவிட்டபோது அந்த மிதப்பு இறங்கியது.

ஆகவே ஒரு தடவை பாருங்கள், செய்யுங்கள், சொதப்புங்கள், பிறகு மறுபடி பாருங்கள். இரண்டாம் தடவை பார்க்கும்போது முதல் தடவை கண்ணில் படாத விரல் அசைவு கண்ணில் படும்.

இரண்டரை வயதுக்குட்பட்ட குழந்தைகள் விஷயத்தில் திரை இன்னும் பலவீனமானது. நேரில் செய்துகாட்டியதை அவர்கள் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். அதையே திரையில் காட்டினால் குறைவாகவே பிடிக்கிறார்கள்.

குழந்தை எந்த வயதில் பார்த்துச் செய்யத் தொடங்குகிறது?

இதில் சண்டை நடக்கிறது. 1977-இல் ஆண்ட்ரூ மெல்ட்சாஃப், கீத் மூர் என்ற இருவரும், பிறந்து 12 முதல் 21 நாள் ஆன சிசுக்கள்கூடப் பெரியவர் நாக்கை நீட்டினால் தாங்களும் நீட்டுகின்றன என்று எழுதினார்கள். சிசு நாக்கை நீட்டும் அந்தப் புகைப்படம் உலகம் சுற்றியது. 2016-இல் ஆஸ்திரேலியாவில் நூற்றுக்கும் மேற்பட்ட சிசுக்களை முதல் ஒன்பது வாரங்களில் நான்கு முறை சோதித்தபோது அப்படி எதுவும் தெரியவில்லை. சிசுக்கள் எதைக் கண்டு உற்சாகமானாலும் நாக்கை நீட்டும் என்பது எதிர்த்தரப்பின் வாதம். எனக்கும் அந்தப் பக்கமே சாயத் தோன்றுகிறது.

ஒரு வயதைத் தாண்டிய பிறகு சந்தேகமில்லை. 14 மாதக் குழந்தை இன்று பார்த்ததை ஒரு வாரம் கழித்துச் செய்துகாட்டும்.

அப்படியானால் சிறு குழந்தைகள் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் செய்வார்களா?

மாட்டார்கள். 2002-இல் ஹங்கேரிய உளவியலாளர் கெர்கெயும் சக ஆய்வாளர்களும் செய்த சோதனை எனக்கு மிகப் பிடித்தது. மேசையில் ஒரு பெட்டி விளக்கு, தொட்டால் எரியும். பெரியவர் குனிந்து நெற்றியால் அதைத் தொட்டு எரியவைக்கிறார். 14 மாதக் குழந்தைகளில் ஒரு பிரிவு பார்த்தபோது அவர் குளிருகிறது என்று போர்வையைச் சுற்றி இரண்டு கையாலும் பிடித்திருந்தார். இன்னொரு பிரிவு பார்த்தபோது கைகள் சும்மா மேசைமேல் இருந்தன.

ஒரு வாரம் கழித்துக் குழந்தைகளிடம் விளக்கைக் கொடுத்தார்கள். கை சும்மா இருந்ததைப் பார்த்தவர்களில் 69 சதவீதம் நெற்றியால் தொட்டார்கள். போர்வையைப் பிடித்திருந்ததைப் பார்த்தவர்களில் 21 சதவீதம் மட்டுமே. மற்றவர்கள் கையால் தட்டினார்கள். கை காலியாக இல்லாததால்தான் அவர் நெற்றியைப் பயன்படுத்தினார், எனக்குத்தான் கை காலியாக இருக்கிறதே என்பது அவர்கள் கணக்கு. கை காலியாக இருந்தும் நெற்றியால் தொட்டால் அதில் ஏதோ காரணம் இருக்க வேண்டும், எனவே நானும் நெற்றியால் தொடுகிறேன் என்பது மற்றவர்கள் கணக்கு. இன்னும் பேச்சு வராத வயது!

இதற்கு முன்பே 1995-இல் மெல்ட்சாஃப், ஒரு பெரியவர் சிறு விளையாட்டுச் சாமானைப் பிரிக்க முயன்று கை வழுக்கித் தோற்பதை 18 மாதக் குழந்தைகளுக்குக் காட்டியிருந்தார். குழந்தைகள் தோல்வியைத் திரும்பச் செய்யவில்லை. அவர் செய்ய நினைத்ததைச் செய்து முடித்தார்கள்.

பிறகு ஏன் தேவையில்லாததையும் சேர்த்துச் செய்கிறார்கள்?

பாட்டியின் முழங்கால் கதைக்கு வருவோம். 2005-இல் விக்டோரியா ஹார்னர், ஆண்ட்ரூ வைட்டன் இருவரும் சிம்பன்சிகளையும் மூன்று நான்கு வயதுக் குழந்தைகளையும் ஒப்பிட்டார்கள். ஒரு பெட்டி, உள்ளே பரிசு. செய்துகாட்டுபவர் முதலில் மேல் துளையில் குச்சியை விட்டுக் குத்துவார், அதனால் எந்தப் பயனும் இல்லை. பிறகு முன்துளை வழியாகப் பரிசை எடுப்பார். பெட்டி உள்ளே தெரியாத வகையாக இருந்தபோது சிம்பன்சியும் குழந்தையும் இரண்டையும் செய்தன. கண்ணாடிபோல் உள்ளே தெரியும் பெட்டியைக் கொடுத்ததும் சிம்பன்சிகள் மேல் துளையை விட்டுவிட்டு நேராகப் பரிசை எடுத்தன. குழந்தைகள் அப்போதும் மேலே குத்திவிட்டுத்தான் எடுத்தார்கள்.

புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதை என்று சிரிக்கலாம். ஆனால் யோசித்தால், நமக்குத் தெரிந்ததில் பாதிக்குமேல் காரணம் புரியாமல் பெற்றுக்கொண்டதுதான். எழுதும்போது எழுத்தை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது, விருந்தினர் வந்தால் ஏன் எழுந்து நிற்பது என்றெல்லாம் காரணம் கேட்டு, ஒப்புக்கொண்ட பிறகுதான் கற்போம் என்று குழந்தை உட்கார்ந்தால் அது எதையும் கற்று முடிக்காது. முதலில் முழுதாக வாங்கிக்கொள்கிறது. கழிப்பதைப் பிறகு பார்த்துக்கொள்கிறது. சிறுமியின் "அப்பாடா" தானாகப் போய்விடும். போகாவிட்டாலும் நஷ்டமில்லை.

சொல்வதைச் செய்வார்களா, செய்வதைச் செய்வார்களா?

விடை உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் ஒரு சான்று: 1970-இல் பிரையன், வால்பெக் இருவரின் ஆய்வு. விளையாட்டில் வென்றதில் ஒரு பங்கை நன்கொடைப் பெட்டியில் போடலாம். முன்மாதிரியாக வந்தவர் சிலருக்கு முன் கொடுக்க வேண்டும் என்று பேசினார், சிலருக்கு முன் கொடுக்க வேண்டாம் என்று பேசினார். அவர் உண்மையில் கொடுத்ததும் கொடுக்காததும் தனி. குழந்தைகள் கொடுத்ததை நிர்ணயித்தது அவருடைய செய்கைதான். பேச்சு அவர்கள் கொடுத்த அளவை மாற்றவில்லை.

யாரைப் பார்த்து அதிகம் கற்கிறோம்?

மதிப்பு இருப்பதாகத் தோன்றுபவரை. 1955-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரத்தில் ஓர் ஆளைச் சிவப்பு விளக்கை மீறிச் சாலையைக் கடக்கவைத்தார்கள். கோட்டு சூட்டு போட்டுக் கடந்தபோது அவர் பின்னால் போனவர்கள் அதிகம். அதே ஆள் கசங்கிய வேலையுடுப்பில் கடந்தபோது குறைவு.

நம்மைப் போன்றவரையும் அதிகம் பின்பற்றுகிறோம். இங்கே ஆசிரியர்கள் கவனிக்க ஒன்று உண்டு. புதிதாகக் கற்பவருக்கு எப்போதும் கைதேர்ந்தவரைக் காட்டுவதே நல்லது என்று நினைக்கிறோம். 2000-இல் கிட்சாண்டாஸ், சிம்மர்மன், கிளியரி மூவரும் அம்பெறிதல் பழகிய பள்ளி மாணவிகளிடம் சோதித்தபோது, ஒரு பிழையும் விடாதவரைப் பார்த்தவர்களைவிட, தவறு செய்து ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டவரைப் பார்த்தவர்கள் நன்றாகச் செய்தார்கள். பிழையில்லாதவரைப் பார்த்தால் எங்கே பிழை வரும் என்பதும் தெரியாது, வந்தால் என்ன செய்வதென்றும் தெரியாது.

என் பயம் என் குழந்தைக்கும் வந்துவிடுமா?

வரலாம். பயம் மிக வேகமாகப் பரவும் பாடம். சூசன் மினேகாவும் மைக்கேல் குக்கும் 1980-களில் ரீசஸ் குரங்குகளிடம் இதை ஆராய்ந்தார்கள். ஆய்வகத்தில் பிறந்து வளர்ந்த குரங்குகளுக்குப் பாம்பென்றால் பயமில்லை. காட்டில் வளர்ந்த குரங்கு பாம்பைக் கண்டு அலறுவதைச் சில தடவை பார்த்ததும் இவையும் பயந்தன. வீடியோவை வெட்டி ஒட்டி, குரங்கு பூவைக் கண்டு அலறுவதுபோலக் காட்டினார்கள். பூவுக்குப் பயம் ஒட்டிக்கொள்ளவில்லை. எதைப் பார்த்தாலும் பயம் வந்துவிடாது. சிலவற்றுக்குப் பயப்பட மூளை ஏற்கெனவே தயாராக இருக்கிறது.

அதே ஆய்வாளர்கள் கண்ட இன்னொன்று பெற்றோருக்கு உதவும். பயமில்லாத குரங்கு பாம்பருகே நிதானமாக இருப்பதை முதலிலேயே பார்த்துவிட்ட குரங்குகளில் பெரும்பாலானவை, பிறகு பயந்த குரங்கைப் பார்த்தபோதும் பயத்தைப் பெறவில்லை. தடுப்பூசி மாதிரி. உங்களுக்கு நாய் என்றால் பயமா? குழந்தை உங்கள் அலறலைப் பார்ப்பதற்கு முன், நாயோடு இயல்பாகப் பழகும் ஒருவரைப் பார்த்துவிடட்டும்.

வந்துவிட்ட பயத்தையும் பார்த்தே குறைக்கலாம். 1967-இல் பண்டூராவும் சக ஆய்வாளர்களும், நாய்க்குப் பயந்த மழலையருக்கு, அதே வயதுக் குழந்தை ஒன்று நாயிடம் படிப்படியாக நெருங்கி விளையாடுவதை நான்கு நாட்களில் எட்டுச் சிறு அமர்வுகளாகக் காட்டினார்கள். பயந்தவர்கள் நெருங்கத் தொடங்கினார்கள். ஒரு மாதம் கழித்தும் அது நீடித்தது.

மூளையில் இதற்கென்றே கண்ணாடி நியூரான்கள் இருக்கின்றனவாமே?

இத்தாலியின் பார்மா நகரத்தில் நரம்பியல் ஆய்வாளர் ரிசோலாட்டியின் குழுவினர் 1990-களின் தொடக்கத்தில் குரங்கு மூளையில் கண்டார்கள்: குரங்கு ஒரு பொருளை எடுக்கும்போதும், இன்னொருவர் எடுப்பதைப் பார்க்கும்போதும் துடிக்கும் செல்கள். அதன்பின் பரிவு, மொழி, பண்பாடு எல்லாவற்றுக்கும் இதுதான் காரணம் என்று ஒரு அலை கிளம்பியது. அந்தச் செல்களை வைத்திருக்கும் குரங்குகள் பாவனையில் நம்மைவிட எவ்வளவோ பின்தங்கியவை. அந்த அளவுக்குக் கொண்டாடினால் போதும்.

விலங்குகளும் பார்த்துக் கற்குமா?

கற்கும். ஆனால் கண்டதையெல்லாம் பாவனை என்று சொல்லிவிடக் கூடாது. இங்கிலாந்தில் 1921 முதல் சிறு பறவைகள் வாசலில் வைத்த பால்பாட்டில் மூடியைக் கொத்தித் திறந்து குடிக்கும் பழக்கம் ஊர் ஊராகப் பரவியது. ஒன்றைப் பார்த்து ஒன்று கற்றது என்றே நினைத்தார்கள். 1984-இல் அதே இனத்துக்கு உறவான பறவைகளை வைத்துச் சோதித்தபோது, வேறொரு பறவை ஏற்கெனவே திறந்துவைத்த மூடியைக் கண்டாலே போதும், அவை தாமே பழகிக்கொள்கின்றன என்று தெரிந்தது.

பெரியவர்களும் இப்படித்தான் கற்கிறோமா?

நமக்கே தெரியாமல். 1999-இல் சார்ட்ராண்ட், பார்க் இருவரும், அறிமுகமில்லாத ஒருவரோடு உட்காரவைத்து, அவர் காலை ஆட்டினால் இவரும் ஆட்டுகிறார், முகத்தைத் தேய்த்தால் இவரும் தேய்க்கிறார் என்று காட்டினார்கள். பிறகு கேட்டால், அப்படிச் செய்ததே அவர்களுக்குத் தெரியவில்லை.

தொழில் கற்பதில் இது வேறு தளத்துக்குப் போகிறது. மானிடவியலாளர் ஜீன் லேவ் 1970-களில் மேற்கு ஆப்பிரிக்காவின் லைபீரியாவில் தையற்காரர்களிடம் வேலை பழகியவர்களைக் கவனித்தார். அங்கே பாடத்திட்டம் கிடையாது. ஆனால் ஒரு வரிசை இருந்தது, அதுவும் தலைகீழாக. புதியவர் முதலில் பொத்தான் தைப்பார், ஓரம் மடிப்பார். பிறகுதான் இயந்திரத்தில் தையல். துணியை வெட்டுவது கடைசி. ஏன்? பொத்தானைத் தப்பாகத் தைத்தால் பிரித்துவிடலாம். துணியைத் தப்பாக வெட்டினால் துணி போச்சு. அதோடு, முடிந்த உடுப்பைக் கையில் வைத்துக்கொண்டே தொடங்குவதால் எந்தத் துண்டு எங்கே சேர்கிறது என்பது புரிந்துவிடுகிறது. வெட்டும் நாள் வரும்போது ஏன் அப்படி வெட்டுகிறோம் என்பது ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. பக்கத்தில் மாஸ்டர் வெட்டுவதை மாதக்கணக்கில் பார்த்தபடியே பொத்தான் தைத்தவர் அவர்.

பக்கத்தில் சும்மா நிற்கும் குழந்தைக்கு ஏதாவது ஏறுமா?

பழக்கத்தைப் பொறுத்தது. பார்பரா ரோகாஃப், மரிசெலா கொரேயா சாவேஸ் இருவரும் உடன்பிறந்த இரண்டு குழந்தைகளில் ஒன்றுக்குப் பொம்மை செய்யச் சொல்லிக்கொடுத்து, மற்றதைக் காத்திருக்கவைத்தார்கள். குவாத்தமாலாவின் மாயா இனக் குழந்தைகள் தங்கள் முறை வராதபோதும் கூர்ந்து பார்த்தார்கள். ஒரு வாரம் கழித்து அந்தப் பொம்மையைக் குறைந்த உதவியோடு செய்தார்கள். அமெரிக்க நடுத்தர வர்க்கக் குழந்தைகள் காத்திருந்த நேரத்தில் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. வீட்டு வேலையில் பெரியவர்களோடு கலந்து வளரும் பிள்ளைக்கு, தன்னிடம் சொல்லப்படாததும் தனக்கான பாடம்தான். "நீ போய் விளையாடு, இது பெரியவர்கள் வேலை" என்று அனுப்பிக்கொண்டே இருந்தால் அந்தக் கண் பழகுவதில்லை.

என் கெட்ட பழக்கம் ஒன்றைப் பிள்ளை பிடித்துக்கொண்டது. இனி என்ன செய்வது?

முதலில், திட்டாதீர்கள். 1965 சோதனையை நினைவில் வையுங்கள்: திட்டு பழக்கத்தை அழிக்காது, உங்கள் கண்முன் வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிக்கொடுக்கும்.

உள்ளே போனதை எடுக்க முடியாது. அதன்மேல் வேறொன்றைப் போடலாம். நீங்கள் அந்தப் பழக்கத்தோடு மல்லுக்கட்டுவதைப் பிள்ளை பார்க்கட்டும். கத்திவிட்டால், "கத்திவிட்டேன், மறுபடி சொல்கிறேன்" என்று குரலைத் தாழ்த்தி மறுபடி சொல்லுங்கள். கத்தாத பெற்றோரைவிட, கத்திவிட்டுத் திருத்திக்கொள்கிற பெற்றோரிடம் பார்க்க அதிகம் இருக்கிறது. அம்பெறிந்த மாணவிகள் கற்றதும் அப்படித்தான்.

2017-இல் ஜூலியா லெனார்ட், லாரா ஷுல்ஸ் முதலியோர் செய்த ஆய்வை இதற்காகவே பல பெற்றோரிடம் சொல்லியிருக்கிறேன். ஏறக்குறைய 15 மாதக் குழந்தைகள். பெரியவர் ஒருவர் டப்பாவுக்குள் இருக்கும் பொம்மையை எடுக்க முயல்கிறார். சிலருக்கு முன் சட்டென்று எடுத்துவிடுகிறார். சிலருக்கு முன் திணறுகிறார், "இது எப்படித் திறக்கும்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்கிறார், பல முயற்சிக்குப் பிறகு திறக்கிறார். பிறகு குழந்தையிடம் ஒரு இசைப்பெட்டியைக் கொடுக்கிறார்கள். அதில் பெரிய பொத்தான் ஒன்று இருக்கிறது, அழுத்தினால் ஒன்றும் ஆகாது. திணறியதைப் பார்த்த குழந்தைகள், விட்டுவிடுவதற்கு முன் அந்தப் பொத்தானை அதிகத் தடவை அழுத்தினார்கள். பெரியவர் குழந்தையின் கண்ணைப் பார்த்து, பெயர் சொல்லிப் பேசியிருந்தால் இந்த விளைவு இன்னும் கூடியது.

அடுத்த முறை இறுகிய மூடி ஒன்று திறக்காவிட்டால், குழந்தையை அறைக்கு வெளியே அனுப்பிவிட்டுத் திறக்காதீர்கள். பக்கத்தில் உட்காரவைத்து, பெயர் சொல்லி, "வரமாட்டேன் என்கிறதே, துணியால் பிடித்துப் பார்ப்போமா?" என்று கேட்டுக்கொண்டே திறங்கள்.